என்ன கேட்டாலும் தலையாட்டு

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, வருடம் சரியாக நினைவில்லை. கோடை விடுமுறை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்த ஒரு பழைய தியேட்டரின் வாசலில், முகமூடி போட்ட சூப்பர் ஹீரோவாக நான் நின்றுகொண்டிருந்தேன். நான் பெண். அப்போது வயது இருபத்து மூன்று.

எப்படி அங்கே போய் நின்றேன் என்று சொல்லிவிடுகிறேன். பி.காம். முடித்து, கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்து, வேலை கிடைக்காமல் ஜோகுபாளையத்து வீட்டில் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம். கடைசியில் ஒரு சின்ன விளம்பர ஏஜென்சியில் ஆபீஸ் வேலை கிடைத்தது. சினிமாவுக்கு பேனர் கட்டுவது, ஆட்டோவில் மைக் வைத்து அறிவிப்பது எல்லாம் அவர்கள் வேலை. பில் போடுவதும் போன் எடுப்பதும் என் வேலை.

நான் பள்ளியில் படிக்கும்போது இந்த மாதிரி ஹீரோ படங்கள் எம்.ஜி. ரோடு பக்கம் இங்கிலீஷில் ஓடும். எங்கள் தெருவில் யாரும் போய்ப் பார்த்ததில்லை. அப்புறம் பறப்பவரும் பாய்பவரும் தமிழில் பேச ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், சிவாஜிநகரில் கூட்டம் தாங்கவில்லை. நான் சொல்லும் படம் ஒரு இரண்டாம் பாகம். முதல் பாகம் வாரக்கணக்கில் ஹவுஸ்ஃபுல்லாக ஓடியது என்று இதை நிறைய விலை கொடுத்து வாங்கிவிட்டார்கள். முதல் மூன்று நாள் நல்ல கூட்டம். திங்கட்கிழமை பாதி காலி. விநியோகஸ்தர் எங்கள் ஏஜென்சி சாரைக் கூப்பிட்டுக் கத்த, சார் யோசித்துக் கண்டுபிடித்த வழிதான் வாசலில் வேஷம் போட்டு ஆள் நிறுத்துவது.

பச்சையும் கறுப்புமாக ஒரு டிரஸ், தோளுக்கும் மார்புக்கும் உள்ளே ஸ்பாஞ்ச், தலை முழுக்க மூடுகிற ரெக்ஸின் முகமூடி. அதற்கென்று அமர்த்திய ஆள் இரண்டே நாளில் ஜுரம் என்று படுத்துவிட்டார். சார் ஆபீஸுக்குள் வந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். டிரஸ் நீளத்துக்கு உயரமாக இருந்தது நான் ஒருத்திதான்.

"உள்ள ஸ்பாஞ்ச் இருக்கும்மா, யாருக்கும் தெரியாது. ஆனா வாயத் தொறக்காத, குரல் காட்டிக் குடுத்துடும். பசங்க என்ன கேட்டாலும் தலையாட்டு. 'இல்ல'ன்னு மட்டும் ஆட்டிடாத. நம்ம ஹீரோ முடியாதுன்னு சொல்லவே மாட்டான்" என்றார்.

முடியாது என்று சொல்ல எனக்கும் வழியில்லை. வேலை வேண்டுமே.

முதல் நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஷோ நடுவில் கதவோரம் நின்று துண்டு துண்டாகப் படம் பார்ப்பேன். பாதிப் படத்துக்கு மேல் ஹீரோவாக நடித்த நடிகரின் முகம் மூடியே இருக்கும். ஆனாலும் அவர் கோபமாக இருக்கிறாரா, களைத்துப் போயிருக்கிறாரா என்று தோள்பட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். சும்மா சொல்லக் கூடாது, பெரிய நடிகர். குழந்தைகள் முன்னால் அவர் மெல்லக் குனிந்து ஒரு தரம் தலையசைப்பார். அதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். வாசலில் நான் அப்படிக் குனிந்து தலையசைத்தால் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள். எனக்கும் உள்ளே கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள் எல்லாம் போய்விட்டது. வெயில். முகமூடிக்குள் என் மூச்சே எனக்கு நாறியது. தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் ஆபரேட்டர் ரூமுக்குப் போகும் படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்து குடிக்க வேண்டும், அதனால் குடிப்பதையே விட்டுவிட்டேன். காது இரண்டும் ரெக்ஸினுக்குள் அமுங்கியிருக்கும். ஆனால் கேட்காமல் இல்லை. உன்னிப்பாகக் கேட்டால் எல்லாம் கேட்கும். நான்தான் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தேன். யாராவது முன்னால் வந்து நின்றால் தலை தானாக ஆடும்.

அன்று மேட்னி ஷோவுக்கு ஒரு அம்மாவும் பெண் குழந்தையும் வந்தார்கள். குழந்தைக்கு ஆறு வயது இருக்கலாம். இரட்டைச் சடை, மஞ்சள் கவுன். அம்மா டிக்கெட் வரிசையில் நிற்க, அவள் என்னிடம் வந்து எதையோ கேட்டாள். தலையாட்டினேன். போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொன்று கேட்டாள். தலையாட்டினேன். மூன்றாவது முறை வந்தவள் என் கையைப் பிடித்து இழுத்து, மேலே பால்கனி வராண்டாவைக் காட்டி நிதானமாக நீளமாகக் கேட்டாள். நான் அப்போது என் குதிகால் வலியை நினைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப அழகாகக் குனிந்து, அந்த நடிகர் மாதிரியே, ஒரு தரம் தலையசைத்தேன். குழந்தை முகம் மலர்ந்து ஓடிப்போனது.

இடைவேளை விட்டார்கள். நான் போர்டிகோவுக்கு முன்னால் என் இடத்தில் போய் நின்றேன். கூட்டம் டீக்கும் சமோசாவுக்கும் முண்டியடித்துக்கொண்டிருந்தது. மேலேயிருந்து ஒரு கீச்சுக் குரல்.

"ஏய் ஹீரோ! இங்க பாரு!"

முகமூடியின் இரண்டு ஓட்டை வழியாக அண்ணாந்து பார்த்தேன். பால்கனி வராண்டாவின் கம்பித் தடுப்புக்கு வெளியே, ஒரு சாண் அகல சிமெண்ட் விளிம்பில், மஞ்சள் கவுன் நின்றுகொண்டிருந்தது. இரண்டு கையும் பின்னால் கம்பியைப் பிடித்திருந்தன. கீழே கருங்கல் தரை.

"நான் குதிக்கிறேன், பிடிச்சுக்கோ! பிடிப்பேன்னு சொன்னல்ல!"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் எதற்குத் தலையாட்டினேன் என்று.

பதறிப்போய் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். நாலு நாளாக வருகிற போகிற பிள்ளைகளுக்கெல்லாம் டாட்டா காட்டிய அதே கை. அவள் சிரித்துக்கொண்டே கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து எனக்கு டாட்டா காட்டினாள். கீழே நின்றவர்கள் இதுவும் விளம்பரத்தில் சேர்த்தி என்று நினைத்து விசிலடித்தார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவளுடைய முழங்கால் லேசாக மடங்கியது.

முகமூடியைப் பிடுங்கி எறிந்தேன். முடியெல்லாம் வியர்வையில் ஒட்டி, கண் எரிய, என் சொந்தக் குரலில் கத்தினேன்.

"குதிக்காத பாப்பா! நான் ஹீரோ இல்ல! எனக்குப் பிடிக்கத் தெரியாது! கம்பியப் பிடி, ரெண்டு கையாலயும் பிடி!"

குழந்தை அப்படியே உறைந்து நின்றது. சிரிப்பு போய்விட்டது. எடுத்த கை மெல்லப் பின்னால் போய்க் கம்பியைத் தேடிப் பிடித்தது. அந்த ஒரு நிமிடத்துக்குள் பால்கனி டிக்கெட் கிழிக்கும் பாய் பின்னாலிருந்து ஓடிவந்து, கம்பிக்கு மேலே குனிந்து அவளை இடுப்போடு சேர்த்துத் தூக்கிவிட்டார். "அரே அல்லா, என்னா புள்ள இது" என்று அவர் சொன்னது கீழே வரை கேட்டது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் கூட்டத்தில் ஒருவன், "டேய், பொம்பளைடா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தியேட்டர் மேனேஜர் வெளியே வந்து, "ஏனம்மா இது, ஜனங்க முன்னாடி மாஸ்க்கக் கழட்டிட்டு!" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினார். குழந்தை விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் முகமூடியை எடுத்து என் கையில் திணித்துவிட்டுத்தான் போனார்.

பாய் குழந்தையைக் கீழே கூட்டிவந்தார். பாத்ரூம் வரிசையில் நின்றிருந்த அம்மா, விஷயம் தெரிந்து அலறிக்கொண்டு ஓடிவந்து முதலில் குழந்தை முதுகில் ஒன்று வைத்தார். பிறகு கட்டிக்கொண்டார். குழந்தை அழவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்பாஞ்ச் மார்பும் பெண்பிள்ளை முகமுமாக நான் எப்படி இருந்திருப்பேனோ தெரியாது.

"அப்ப ஏன் தலையாட்டின?" என்று கேட்டது.

கோபமாகக்கூட இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டது. அம்மா என்னைத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எம்மேல தப்பு, அக்கா" என்றேன். "அவ என்ன கேட்டான்னு நான் காதுலயே வாங்கல."

அவர் என் பக்கத்தில் போர்டிகோ படியில் உட்கார்ந்தார். விவேக் நகர் பக்கம் வீடாம், கார்மென்ட்ஸில் வேலையாம். வாரத்தில் ஒரு நாள் லீவு, அதில்தான் படத்துக்குக் கூட்டிவந்தாராம். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து முதலில் என்னிடம் நீட்டினார்.

"குடிம்மா. மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்கு" என்றார். பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நானும் அப்படித்தான். வேலை முடிஞ்சு வந்தா, இது நைநைன்னு எதையாவது கேட்டுகினே இருக்கும். நான் உம், உம்னுகினே இருப்பேன். என்ன கேட்டுச்சுன்னு எனக்கும் தெரியாது" என்றார்.

இரண்டாம் பாதி தொடங்கும் மணி அடித்தது. அவர்கள் உள்ளே போகவில்லை. அம்மா குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். குழந்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. டாட்டா காட்ட எனக்குக் கை வரவில்லை.

அடுத்த ஷோவுக்கு மறுபடி முகமூடி போட்டுக்கொண்டேன். ஆனால் அன்று ஒவ்வொரு பிள்ளையிடமும் காது கொடுத்துக் குனிந்தேன். ஒருவன், "எங்கப்பா குடிக்கிறத நிறுத்துவியா?" என்று கேட்டான். ஒரு பெண், "கணக்குல பாஸ் போடுவியா?" என்றாள். நான்கு நாளாக இதற்கெல்லாம்தான் சரி, சரி என்று சொல்லியிருக்கிறேன். அன்று சிலருக்கு இல்லை என்று தலையாட்டினேன். சார் காதுக்குப் போயிற்று. மாதக் கடைசியில் அந்த வேலையை விட்டேன், அல்லது வேலை என்னை விட்டது.

படம் பிறகு பிழைத்துக்கொண்டது, நன்றாகவே ஓடியது. அந்தத் தியேட்டரை இடித்துவிட்டார்கள். இப்போது அந்த மாதிரிப் படங்கள் மால்களில் ஓடுகின்றன, கோடிகளைப் பேப்பரில் போடுகிறார்கள், ஹீரோவின் நடிப்பை என் மகள் எனக்கு விளக்கிச் சொல்கிறாள். அலுவலகம் முடிந்து ஓல்ட் மெட்ராஸ் ரோடு நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேரும்போது எனக்கு உயிர் பாதிதான் இருக்கும். அவள் பேசப் பேச 'உம்' என்று வாய் வரை வந்துவிடும். அப்போதெல்லாம் செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்து, "என்ன கேட்ட, இன்னொரு தடவ சொல்லு" என்கிறேன். பல நாள் அது ஒன்றுமில்லாத கேள்வியாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

ஏன் தலையாட்டினேன் என்று அந்த மஞ்சள் கவுன் குழந்தை கேட்டதற்கு உண்மையான பதில், எனக்கு அன்று ரொம்பக் களைப்பாக இருந்தது என்பதுதான். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பதிலை ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.