கெடாத கிழங்கு

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் எங்கள் எதிர்வீட்டுக்காரி பெரு நாட்டு மலைப்பக்கத்தவள். அங்கே அறுவடை முடிந்ததும் உருளைக்கிழங்கை இரவுக் குளிரில் உறையவிட்டு, பகல் வெயிலில் இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிந்து காயவைப்பார்களாம். அந்த மலைகளை முன்பு ஆண்ட இன்காக்களின் களஞ்சியங்களில் அது வருடக்கணக்காகக் கெடாமல் கிடந்ததாம். பார்த்தால், பனங்கிழங்கை அவித்துக் காயவைக்கும் எங்கள் புழுக்கொடியலைவிடக் கல்லாக இருக்கும். இறந்துபோன அவளுடைய அம்மா கடைசியாக மிதித்துக் காயவைத்ததில் ஒரு பை அவளிடம் இருந்தது. அது குறைந்துகொண்டே வந்தது.

போன ஜனவரியில் தானே செய்து பார்ப்பதென்று பால்கனியில் கிழங்குகளைப் பரப்பினாள். இந்த நாசமாய்ப்போன குளிருக்கு உறையவைக்க மட்டும்தான் தெரியும். பகலிலும் இளகவில்லை. ஏப்ரலில் எல்லாம் ஒரேயடியாக இளகி, அழுகி நாறியது. இருவருமாக அள்ளிக் குப்பையில் போட்டோம்.

அன்றே அம்மாவின் பையில் மிஞ்சியதை எல்லாம் சூப்புக்கு ஊறப்போட்டாள். கெடாத சாமான்தானே, கொஞ்சம் எடுத்து வைக்கலாமே என்றேன்.

"ஓம், கெடாது," என்றாள், எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறைப் பிரெஞ்சில். "நான் செத்த பிறகும் கிடக்கும். இங்க பிறந்த என்ர பிள்ளையள் கல்லெண்டு நினைச்சு எறிஞ்சுபோடுவினம்."