கதவுக்கு வெளியே மெர்சி

தேனீயின் ரீங்காரம் கேட்டால் இன்றும் முதலில் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பேன்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. அன்று மாலை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் அடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி மெர்சி, தோளை இறுக்காத. பந்து கிட்ட வரட்டும், இடுப்பைத் திருப்பி மட்டையைச் சுத்து."

மெர்சி சுற்றினாள். பந்து உயரப் பறந்து வேப்பமரத்துத் தேன்கூட்டில் போய் மோதியது. அங்கே கூடு இருந்ததை நான் கவனித்ததே இல்லை. தேனீக்கள் கலைந்து எங்களை நோக்கிப் பாய்ந்தன.

பிள்ளைகளைச் சாமான் அறைக்குள் தள்ளிக் கதவை அடைத்த பிறகுதான் மெர்சி உள்ளே இல்லை என்று தெரிந்தது. வெளியே அவள் அலறுவது கேட்டது. தாழ்ப்பாளில் வைத்த என் கை அசையவில்லை. திறந்தால் தேனீக்கள் உள்ளே இருக்கும் பிள்ளைகளையெல்லாம் கொட்டிவிடும் என்று நினைத்தேன். உண்மையில் எனக்காகவும்தான் பயந்தேன். திடீரென்று அலறல் நின்றது.

யாரோ கதவை இடித்தார்கள். திறந்தேன். மகளைக் கூட்டிப்போக வந்திருந்த ஒரு பெண், தன் கறுப்புப் பர்தாவைக் கழற்றி மெர்சியின் மேல் சுற்றி, அவளை அணைத்தபடி உள்ளே விழுந்தார். அவர் முகமெல்லாம் தடித்திருந்தது.

"பிள்ளைக்கு ரெண்டு மூணு கொட்டுதான் டீச்சர். மொதல்ல கதவை அடைங்க."

ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாமலா? இன்னும் நடுங்குது, பாருங்க" என்று கையை நீட்டினார்.

அதைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பயத்தோடும் இன்னொரு வீட்டுப் பிள்ளையை நோக்கி ஓட முடியும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.