கேட்டை நட்சத்திரத்தில் பிறந்த கழகம்

அண்ணை இருக்கும் நோர்வே ஊருக்கு நான் ஒருமுறையும் போனதில்லை. ஆனால் அந்த ஊரின் ஐஸ் ஹொக்கிக் கழகம் எப்படித் தொடங்கியது, எப்போதெல்லாம் சாகக் கிடந்தது, எப்படிப் பிழைத்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் கதைக்க வராது. நான் ஜேர்மனிக்கும் அவர் நோர்வேக்கும் அகதிகளாக வந்து சேர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்போம். "சுகமோ?" என்பார். "ஓம்" என்பேன். "சாப்பிட்டியளோ?" என்று நான் கேட்பேன். அவரும் "ஓம்" என்பார். அதற்குப் பிறகு இருவரும் மற்றவரின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்போம். அந்த வெறுமையை நிரப்பத்தான் அவர் கழகத்தின் கதையைச் சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும்.

அது ஒரு காகித ஆலையை நம்பியிருந்த ஊர். ஆலைத் தொழிலாளிகள் சிலர் பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீரைப் பாய்ச்சி, அது உறைந்ததும் விளையாடப் பழகினார்கள். பிறகு ஆலையின் சாப்பாட்டறையில் கூட்டம் போட்டு அதைக் கழகமாக்கினார்கள். முதல் சட்டைகளுக்கு அவர்களின் மனைவிமார் பெரிய அண்டாவில் சிவப்புச் சாயம் தோய்த்தார்கள். சாயம் சரியாகப் பிடிக்காமல் சட்டைகள் செங்கல் நிறத்தில் வந்தன. இன்றுவரை கழகத்தின் நிறம் செங்கல்தான். நான் ஹனோவரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். நிறம் மாறிப்போன துணியைக் கண்டாலே ஏச்சு விழும் இடம் அது. அதனால் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அண்ணை அந்த ஆலையில்தான் வேலைக்குச் சேர்ந்தார். கூட வேலை செய்த ஒருவர் ஒரு சனிக்கிழமை அவரைப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணைக்கு ஐஸில் நிற்கவே ஏலாது. வாசலில் மேசை போட்டு ரிக்கெற் கிழிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது, குடிக்க ஒரு கோப்பி தருவார்கள். அன்றிலிருந்து அந்த மேசை அவருடையது. அவர் கலியாணம் கட்டவில்லை.

ஆலையை மூடியபோது கழகத்துக்குப் பணம் கொடுக்க ஆளில்லாமல் போயிற்று. "கழகம் முடிஞ்சா எனக்கு இஞ்ச என்ன வேலை? உங்கட பக்கம் வாறன்" என்றார் அண்ணை. நான் எங்கள் வீட்டின் சின்ன அறையை ஒதுக்கிச் சுத்தம் செய்தேன். ஆனால் விளையாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல், தைத்துப் போட்ட பழைய சட்டைகளோடு விளையாடினார்கள். அண்ணை ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

சில வருடங்களின் பின் பனி ஏறி, கழகம் விளையாடும் ஐஸ் மண்டபத்தின் கூரை மரம் வெடித்தது. மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். நான் அந்த அறைக்கு ஒரு கட்டில் வாங்கினேன். அங்கே தாய் தகப்பன்மார் வாஃபிள் சுட்டு விற்றும் விறகு விற்றும் காசு சேர்த்துக் கூரையைத் திருத்தினார்கள். அண்ணை விறகு அடுக்கி நாரிப்பிடிப்பு வந்து படுத்தாரே தவிர, இங்கே வரவில்லை.

"உன்ர கொண்ணர் வாறதெண்டா அந்தக் கழகத்துக்கு ஆரும் நெருப்பு வைக்கோணும்" என்றார் என் கணவர். நான் அவரை முறைத்தேன். ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் போய் இருந்துகொண்டது.

போன மாரியில் அண்ணைக்கு இருதயத்தில் ஒப்பரேசன் நடந்தது. அவர் இருந்தது லிஃப்ற் இல்லாத கட்டிடத்தின் மூன்றாம் தட்டில். வாசலில் பனியை அவரே அள்ள வேண்டும். விழுந்தால் யாருக்குத் தெரியும்? எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சலவை இயந்திரம் சுற்றும்போது நானும் அதைச் சுற்றி நடந்தேன். ஒரு தடவை வெள்ளை விரிப்புகளோடு ஒரு பச்சைக் காலுறையைப் போட்டு ஏச்சும் வாங்கினேன்.

வெயில் காலம் தொடங்கும் முன் அவர் ஒரு செய்தி சொன்னார். கழகத்துக்குப் பெரிய கடன். பருவத்தின் கடைசிப் போட்டியில் தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். பணம் கொடுப்பவர்களும் போய்விடுவார்கள். நிர்வாகம் கழகத்தைக் கலைத்துவிடும். "இந்த முறை உண்மையாத்தான், பிள்ளை. தோத்தா நான் வாறன்."

அந்தக் கிழமை முழுவதும் கழகம் தோற்கவேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு திரிந்தேன். கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டேன். அப்போது பார்த்து மறுபடி அவருடைய அழைப்பு வந்தது.

"பிள்ளை, வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போவாய்தானே?"

"ஓம் அண்ணை."

"கழகத்தின்ர பேரில ஒரு அர்ச்சனை செய்வி. இஞ்ச கிட்டடியில கோவில் இல்லை."

"கழகத்துக்கு நட்சத்திரம் இருக்கே?"

"பார்த்திட்டன். முதல் கூட்டம் நடந்த நாளும் நேரமும் இவங்களுக்குத் தெரியும். கேட்டை."

தொலைபேசியிலிருந்து குரல் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. "கேட்டையோ!" என்றார் என் கணவர். "அதுதான் பிறந்த நாள் தொட்டு இழுபறிப்படுது."

வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு முன்னால் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ஐயர் பெயரைக் கேட்டார். நான் சொன்ன நோர்வேப் பெயர் அவர் வாயில் நிற்கவில்லை. "ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?" என்றார்.

"பிள்ளை இல்லை ஐயா. அது ஒரு ஹொக்கிக் கழகம்."

பின்னால் நின்ற பெண் சிரித்துவிட்டாள். எனக்குக் காது சுட்டது. தட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று பார்த்தேன். ஐயர் சிரிக்கவில்லை.

"பிள்ளையளுக்குத் தொழில் பழக அவுஸ்பில்டுங் கிடைக்கோணுமெண்டு செய்யிறம். போன மாதம் ஒரு லொறிக்குச் செய்தனான். கழகத்துக்குச் செய்தா என்ன? நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ."

"கேட்டை."

"ம்… கஷ்டப்பட்டுத்தான் வந்திருக்கும். செய்வம்."

அவர் மந்திரம் சொன்னார். அண்ணையின் வேண்டுதல் தட்டத்தில் தேங்காயும் பழமுமாக இருந்தது. என்னுடையது அதற்கு நேர் எதிராக நெஞ்சுக்குள் இருந்தது. "பிள்ளையாரே" என்று தொடங்கினேன். அதற்குமேல் சொல்ல முடியவில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் யாருக்கோ துரோகம் செய்வது போலிருந்தது.

மறுநாள் நானும் கணவரும் போட்டியைக் கணினியில் பார்த்தோம். தொடங்கும் முன் கமரா வாசல் பக்கம் திரும்பியது. ஒரு மேசை, அதற்குப் பின்னால் செங்கல் நிறச் சால்வையோடு அண்ணை. மெலிந்து போயிருந்தார். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அவர் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். நரைத்த தலைப் பெண் ஒருத்தி நின்று அவருடைய சால்வையைக் கழுத்தை மூடி இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள். பிறகு கமரா ஐஸுக்குப் போய்விட்டது. என் கண்ணில் இன்னும் அந்த மேசைதான் நின்றது.

இரண்டு பக்கமும் சமமாகவே போயிற்று. நான் அடுப்படிக்குப் போனேன், வந்தேன், உடுப்பு மடித்தேன், மடித்ததைப் பிரித்தேன்.

"இஞ்சேர், ஒரு இடத்தில இரன். கீழ்வீட்டுக்காரன் ஏறி வரப்போறான்."

"இருக்க ஏலாமக் கிடக்கு."

மேலதிக நேரம் கொடுத்தார்கள். எதிர்ப் பக்கத்து ஆள் ஒருவன் ரப்பர் வட்டோடு தனியே ஓடி வந்தான். கோலைக் காக்கிறவன் மட்டும்தான் முன்னால் நின்றான். "பிடி! பிடியடா!" என்று யாரோ கத்தினார்கள். கத்தியது நான்தான். என் கணவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ இப்ப எந்தப் பக்கம்?"

பதில் சொல்லும் முன் வட்டு உள்ளே போய்விட்டது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அண்ணை எடுத்தார். "தோத்திட்டம், பிள்ளை."

"பார்த்தனான் அண்ணை."

"அர்ச்சனை செய்வித்தனிதானே?"

"ஓம். ஐயர் வடிவாச் செய்தவர்."

"அப்ப அவரைக் குறை சொல்ல ஏலாது. எங்கட பெடியள் கோலை விட்டிட்டு வாசலை நோக்கி அடிச்சா பிள்ளையார் என்ன செய்வார்?" பிறகு கேட்டார்: "அந்த அறை இருக்குதே?"

நான் எத்தனையோ வருடங்களாகக் காத்திருந்த கேள்வி. "இருக்கு அண்ணை" என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டுப் போய் அந்தப் புது விரிப்பை இன்னொருமுறை நீவிவிட்டேன்.

அவர் வைகாசியில் வந்தார். இங்கே ஒரு இருதய டொக்டரைப் பிடித்தேன். உப்புக் குறைத்துச் சமைத்தேன். எல்லாம் நான் நினைத்தபடியே இருந்தது, அண்ணையைத் தவிர. விடியவே எழும்பி வாசலில் சப்பாத்துகளைச் சோடி சோடியாக அடுக்குவார். மணி அடித்தால் எனக்கு முன் கதவடியில் நிற்பார். சனிக்கிழமை பின்னேரமானால் சேர்ட்டை மாற்றிக்கொண்டு எங்கும் போகாமல் யன்னலடியில் நிற்பார். கோவில் திருவிழாவில் யாரும் கேட்காமலே வாசலில் நின்று சனத்தை வரிசைப்படுத்தினார். "ரிக்கெற் கிழிக்காமல் விட்டாரே, அது பெரிய காரியம்" என்றார் என் கணவர்.

ஆவணியில் ஒருநாள் அவருடைய தொலைபேசி அடித்தது. அறைக்குள்ளிருந்து நோர்வே மொழி கேட்டது. அண்ணை சத்தமாகக் கதைத்தார், இடைமறித்தார், சிரித்தார். நான் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். என்னோடு இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் கதைத்ததைவிட அன்று கூடக் கதைத்தார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை.

பிறகு அடுப்படிக்கு வந்தார். "பிள்ளை, திரும்பத் தொடங்கியிருக்கிறாங்கள். புதுக் கழகமாப் பதிஞ்சு, கடைசிப் பிரிவில இருந்து. செங்கல் சட்டைதான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் கூட்டம் போட்டவங்களாம்." அடுப்படித் தட்டுகளைக் கண்ணால் தேடினார். "பஞ்சாங்கம் எங்க வைச்சிருக்கிறாய்?"

அவருடைய மூக்குக்கண்ணாடி அறையில் இருந்தது. நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. சொன்னால் போய்விடுவார் என்று தெரிந்துகொண்டே விரலை வைத்துப் பார்த்தேன்.

"ரோகிணி."

"ரோகிணியோ?" என் கணவருக்குக் கொண்டாட்டம். "மாமனுக்கு ஆகாதே! கழகத்துக்கு ஆர் மாமன்? உங்களைத் தவிர வேற ஆர்?"

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒப்பரேசன் தழும்பு அவர் சேர்ட்டின் மேல் பொத்தானுக்கு மேலே தெரிந்தது.

"போறதெண்டாப் போங்கோ" என்றேன். "ஆனா டொக்டரிட்டப் போறதுக்கு எடுத்த டெர்மின் எல்லாம் முடிய வேணும். மூண்டாம் தட்டு வீடும் வேண்டாம். கீழ்வீடு கிடைச்சாத்தான் விடுவன்."

அண்ணையிடம் நான் இப்படிக் கதைத்ததில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, பிள்ளை" என்றார்.

மண்டபத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கீழ்வீட்டைக் கழகத்துக்காரர்கள் தேடிக் கொடுத்தார்கள். தளபாடங்களையும் அவர்களே இறக்கி வைத்தார்களாம். ரயில் நிலையத்தில் அண்ணை, "அடுத்த முறை கழகத்தைப் பூட்டினா கட்டாயம் வாறன்" என்றார்.

கட்டில் இன்னும் அறையில் இருக்கிறது. விரிப்பை மட்டும் மாற்றுவேன். போன சனிக்கிழமை புதுக் கழகத்துக்கு முதல் போட்டி. நான் கோவிலுக்குப் போனேன். ஐயர் என்னைக் கண்டதும், "கழகம்தானே? கேட்டை" என்றார்.

"இல்லை ஐயா. திரும்பப் பிறந்திருக்கு. ரோகிணி." பிறகு அண்ணையின் பெயரையும் அவருடைய நட்சத்திரத்தையும் சொன்னேன். "ரெண்டையும் சேர்த்துச் செய்யுங்கோ."

அர்ச்சனை முடிந்தும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. நோர்வேயில் இப்போது மண்டப வாசலில் மேசையை விரித்திருப்பார்கள். அண்ணை சால்வையைக் கழுத்து மூடக் கட்டியிருப்பாரோ தெரியாது. நான் பிள்ளையாரை இன்னுமொருமுறை சுற்றினேன். பிறகு தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னுமொருமுறை.