திருகுப் பொட்டியின் விலை

சூடேறிய தூசியும் பழைய மரமும் கலந்த ஒரு வாசனை முதலில் வரும். அதற்குப் பிறகுதான் சத்தம் வரும், அதுவும் தூக்கம் கலையாத பிள்ளை எழுந்து நடப்பதைப் போல் தள்ளாடித் தள்ளாடித்தான் சுருதிக்கு வந்து சேரும். அம்மாவின் பழைய சிந்தசைசரை, அந்த மின்சார வாத்தியத்தைச் சொல்கிறேன். கட்டைகளைவிடத் திருகும் குமிழ்கள் அதிகம் என்பதால் பள்ளிபாளையத்தில் எங்கள் தெருவே அதைத் "திருகுப் பொட்டி" என்றது. கல்யாணத்துக்கு முன் மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த அம்மா, பீரோ கட்டிலோடு அதையும் சீராகக் கொண்டுவந்திருந்தாள்.

வீட்டை ஒட்டியே அப்பாவின் விசைத்தறிக் கொட்டகை. இரண்டுக்கும் ஒரே லைன். தறிகள் ஓடினால் வோல்டேஜ் இறங்கும், பொட்டியின் சுருதியும் கூடவே தொய்ந்துபோகும். அம்மா வாய்திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் பொட்டியின் முன் உட்கார்ந்தால், சற்றைக்கெல்லாம் தறிச்சத்தம் நின்றுவிடும், அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தபடி வாசலில் வந்து உட்காருவார். ஏன் என்று நான் கேட்டால், "மோட்டாரு சூடாயிருச்சு சாமி, கொஞ்ச நேரம் ஆறட்டும்" என்பார். "உங்கூட்டு மோட்டாருக்கு மட்டும் தெனமும் மத்தியானம் காச்சல் வருதுங்களே" என்று பக்கத்துத் தறிக்காரர் கேலி செய்வார். பஞ்சுத்தூசி வெயிலில் மிதக்கும் அந்த அமைதியில் அம்மா ஒரே கட்டையை அழுத்திக்கொண்டு குமிழைத் திருகுவாள். ஒலி விரிந்து, சுருங்கி, ஆற்றுக்கு அப்பால் போய்விட்டது போல் மங்கும், நான் தரையில் படுத்தபடி பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்பா சொன்ன காரணத்தை அம்மா நம்பினாளா என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

ஒரு கோடைமழையில் இடி இறங்கிப் பொட்டி கருகிப்போனது. பழுதுபார்க்க ஆள் கிடைக்கவில்லை. பிறகு அப்பா வாங்கித் தந்த சின்னக் கீபோர்டை அம்மா பீரோவின் மேல் ஏற்றிவிட்டாள். அதற்கப்புறம் அவள் எதையும் வாசிக்கவேயில்லை. அது எனக்குத் தீராத வருத்தம்.

இப்போது அதே மாடல் பொட்டியைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும். அந்தக் காசுக்கு ஒரு பைக்கே வாங்கலாம், அதே ஒலி செல்போனில் கிட்டத்தட்டச் சும்மா கிடைக்கிறது என்றார்கள் நண்பர்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனாலும், அம்மா மறுபடி உட்காருவாளா என்ற ஆசையில் வாங்கிவிட்டேன். குமிழும் மரமும் அச்சு அசல். ஆனால் போட்டவுடன் சுருதி ஆணி அடித்தாற்போல் நிற்கிறது, தள்ளாட்டமும் இல்லை, அந்த வாசனையும் இல்லை. இதற்கா இவ்வளவு கொடுத்தோம் என்றிருந்தது.

அம்மா அதைத் துடைத்தாள், துணி போட்டு மூடினாள், உட்காரவில்லை. சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், யாரும் சொல்லாமல் தானாக வந்து உட்கார்ந்தாள். தறிகள் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன, கொட்டகையில் யாரோ அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள், தறிச்சத்தத்திலேயே கிடந்த அப்பாவுக்குக் காதும் போய்விட்டது. அவர் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். "இதுக்கு அதெல்லாம் வேண்டாங்கப்பா, வோல்டேஜ் எறங்குனாலும் சுருதி நிக்கும்" என்றேன், அவருக்குக் கேட்கவில்லை.

அம்மா அவர் பக்கம் திரும்பி, உதடு தெரியும்படி, "ஏனுங்க, இன்னைக்கும் மோட்டாரு சூடாயிருச்சுங்களா?" என்றாள்.

"ஆமா, கொஞ்ச நேரம் ஆறட்டும்" என்றார் அப்பா.

நான் கொடுத்த விலை அங்கேயே வசூலாகிவிட்டது. அம்மா வியர்க்க வியர்க்க வாசித்தாள். அப்பாவுக்கு அதில் ஒன்றுமே கேட்டிருக்காது.