பாரிஸ் குழாய்த் தண்ணீர்

மாதாவின் பிள்ளைகளே, என் தங்கையை நான் கொல்லப் பார்த்தேன். கத்தியால் இல்லை, ஒரு புட்டித் தண்ணீரால். அவளை மாதா காப்பாற்றிக் கொடுத்த கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வில்லியனூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கரும்பு வெட்டப் போவார். அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். நானும் தங்கை ஸ்டெல்லாவும்தான் அவருக்கு உலகம். 1977இல் கன்னியர் மடத்துச் சகோதரிகள் முயற்சி எடுத்து என்னை பிரான்சில் போர்தோ நகரத்துக்கு நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார்கள். புறப்படும் அன்று நைனா ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"லூர்து கெபியில தண்ணி புடிச்சி அனுப்பும்மா. வேற இன்னா கேக்கப் போறேன் உன்ன," என்றார்.

பிரான்சில் மாதா காட்சி கொடுத்து ஊற்று கிளம்பிய லூர்துக் குகையைத்தான் கெபி என்போம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது தெரியும். வில்லியனூர் மாதா கோயில் குளத்தில் லூர்துத் தண்ணீர் கலந்திருக்கிறது என்று குடம் குடமாக எடுத்துப் போவோம். அந்தத் தண்ணீரின் பிறந்த இடத்துக்கே மகள் போகிறாள் என்று நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

மறு வருடம் பெந்தெகொஸ்தே திருநாளுக்கு மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. லூர்துக்குப் போகத்தான் கிளம்பினேன். புட்டி பையில் இருந்தது. ஸ்டேஷனில் என்னோடு படித்த காரைக்கால் ரோஸி நின்றுகொண்டிருந்தாள். "லூர்து எங்க போயிடப் போவுது? பாரிஸ் வாடி," என்றாள். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. கொஞ்சம் தயங்கியிருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை இருந்திருக்கும்.

ஐஃபல் கோபுரத்தில் ஏறினோம். ஆற்றில் படகில் போனோம். கடைக் கண்ணாடிகளில் பொம்மைகள் போட்டிருந்த கோட்டுகளைப் பார்த்துக்கொண்டே கால் வலிக்க நடந்தோம். நோத்ருதாம் கோயிலுக்குள்ளும் போனேன், கண்ணாடி ஜன்னல்களைப் பார்க்க. முழங்கால் போடவில்லை. இரண்டு நாளும் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

கிளம்பும் அன்று காலையில்தான் புட்டி ஞாபகம் வந்தது. தங்கியிருந்த அறையின் குழாயைத் திறந்து நிரப்பினேன். தக்கையை அழுத்தி மூடினேன். அடுத்த வாரம் ஊருக்குத் திரும்பிய ஒரு சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த எங்கள் பக்கத்து மனிதர், அதை எடுத்துப் போனார். கூடவே ஒரு கடிதம் வைத்தேன். 'கெபியைத் தொட்டு முத்தமிட்டேன் நைனா, உங்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன்' என்று லூர்து படம் போட்ட தபால் அட்டையைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு லெயோன் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. நைனாவுக்கு எழுதத் தெரியாததால் எப்போதும் அவர்தான் எழுதுவார். ஸ்டெல்லாவுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், வயிறு வலிக்கிறது, டைபாய்டாக இருக்கும் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் நைனா கேட்கவில்லையாம். 'லூர்து தண்ணி வூட்ல இருக்குது, வேற மருந்து இன்னாத்துக்கு?' என்று காலையும் மாலையும் ஒரு ஸ்பூன் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம்.

கடிதம் வர எட்டு நாள் ஆகியிருந்தது. ஆறும் எட்டும் பதினாலு. மூன்றாவது வாரத்தில் குடல் ஓட்டையாகலாம் என்று அந்த வருடம்தான் எங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

தபால் ஆபீசுக்கு ஓடினேன். 'உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்' என்று தந்திப் படிவத்தில் எழுதினேன். எழுதும்போதே தெரிந்தது, நைனா கேட்க மாட்டார். அந்தப் புட்டி வீட்டில் இருக்கும்வரை யார் சொன்னாலும் கேட்க மாட்டார். உண்மையை எழுத வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் தந்தி வந்தால் சாவுச் செய்தி என்று தெருவே கூடிவிடும். தந்திக்காரர் வாசலில் நின்று சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்வார். நைனாவின் தலை தெரு நடுவில் குனியும்.

படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்துக் கோயிலுக்குப் போனேன். 'அம்மா, விஷயம் வெளியே வராமல் தங்கச்சியைக் காப்பாற்று' என்று முதலில் மாதாவிடம் ஜெபித்தேன். ஆம், அப்படித்தான் கேட்டேன். அந்த வேளையிலும் என் மானத்தைத்தான் காபந்து பண்ணப் பார்த்தேன். பிறகுதான் அழுகை வந்தது. 'என் மானம் போகட்டும் அம்மா, அவள் இருக்கட்டும்' என்றேன். எழுந்து போய் வேறு படிவம் வாங்கினேன். 'நான் லூர்து போகவில்லை. அது பாரிஸ் குழாய்த் தண்ணீர். பொய் சொன்னேன். ஆஸ்பத்திரி போங்கள்.'

பதில் கடிதம் வரும்வரை ஜெபமாலையைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

தந்தியைத் தெருவே கூடி நிற்கத்தான் படித்தார்கள் என்று லெயோன் அண்ணன் எழுதியிருந்தார். பயத்தில் பிள்ளை ஏதோ உளறுகிறாள், நம்பாதே என்று யாரோ சொன்னார்களாம். அதற்கு நைனா, "பொய் சொல்றவ இப்புடித் தன்னையே காட்டிக் குடுப்பாளா? இது நெசந்தான். வண்டியக் கட்டு," என்றாராம். அன்றைக்கே புதுச்சேரியில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். ஸ்டெல்லா பிழைத்துவிட்டாள். நான் எந்த அவமானத்துக்குப் பயந்தேனோ, அதை வைத்தே மாதா என் நைனாவை நம்ப வைத்தாள்.

படிப்பு முடித்து 1980இல் ஊருக்கு வந்தேன். நைனா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வேலைக்கு மறுபடி பிரான்ஸ் புறப்படும் முந்தின நாள் என்னை வில்லியனூர் கோயிலுக்குக் கூட்டிப் போனார். மடியிலிருந்து அதே புட்டியை எடுத்தார். குளத்தில் இறங்கித் தண்ணீர் மொண்டு, தக்கையை அழுத்தி என் கையில் கொடுத்தார்.

"இத்தக் கொண்டுபோயி அங்க மாதா கால்ல ஊத்திட்டு வா. இந்த தபா பாரிஸ் பக்கம் போயிடாத."

போனேன். ஸ்டேஷனில் இறங்கி நேராகக் கெபிக்கு நடந்தேன், வேறு எதையும் பார்க்கவில்லை. எங்கள் குளத்துத் தண்ணீரை அந்தப் பாறையடியில் ஊற்றினேன். முழங்கால் போட்டேன். அன்றுதான் என் ஜெபம் முடிந்தது.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருக்கலாம். அதை அவிழ்த்து அவள் முன்னால் வைத்துவிட்டுக் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவள் உங்களுக்கும் கொடுப்பாள். கெபியில் இருந்து புட்டியை நிரப்பாமல் வெறுமையாகத்தான் திருப்பிக் கொண்டுவந்தேன். மறுபடி என்னை நம்பி, தண்ணீர் பிடித்துக் கொண்டுவரும்படி நைனாவே கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது கேட்டார்.