கை மாறும் இடத்தில் தொய்யும் சங்கு

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும், நாளைக் காலைவரை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாகப் பெரியப்பாவிடம் காட்டாதீர்கள். அவர் மகள் பானு அக்காவின் பதினாறாம் நாளில் படிக்க ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் அவள் நல்லவள், கெட்டிக்காரி என்று இருக்கிறது. அது பொய் இல்லை. அதில் விட்டதை இங்கே எழுதுகிறேன். பெரியம்மாவுக்குத் துணையாக இந்த வீட்டில், அக்காவின் அறையில்தான் படுக்கிறேன். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள்.

செய்தி வந்தபோதும் கம்ப்யூட்டர் முன்னால் இதே நாற்காலியில்தான் இருந்தேன். சுண்ணாம்புக்கல் மைன்ஸில் லாரி ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன் செருப்பில்லாமல் ஓடி வந்தார். உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசி. "பெரியம்மா எங்க பாப்பா?" என்று மட்டும் கேட்டார். பாறை உடைக்க வேட்டு வைத்ததில் பறந்த கல், பஸ் இறங்கி ஒற்றையடிப் பாதையில் வந்துகொண்டிருந்த அக்காவின் மேல் விழுந்திருந்தது.

அக்கா அரியலூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் இடத்தில் டைப் செய்தாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அவள் செய்தது வேறு. ஏதோ புத்தகத்தோடு வந்த சிடியில் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள் வரும். ஒரு பெட்டி சத்தத்தை எழுப்பும், ஒன்று அதை ஏற்றி இறக்கும், இன்னொன்று கூர்மையை மழுக்கும். மவுஸால் இழுத்து ஒன்றுக்கொன்று ஒயர் கொடுக்க வேண்டும். ஒயரை மாற்றினால் சத்தம் மாறும். தவளை செய்தாள், தையல் மெஷின் செய்தாள், எங்கள் கணக்கு டீச்சரின் தும்மலைச் செய்தாள். "எல்லாச் சத்தத்துக்கும் ஒரு நடை இருக்குடி. அதப் புடிச்சா ஆளையே புடிச்ச மாதிரி" என்பாள்.

பிறகு மைன்ஸ் சங்கில் இறங்கினாள். வேட்டுக்கு முன்னால் காவல்காரர் சின்னசாமி மாமா கைப்பிடியைச் சுற்றி ஊதும் எச்சரிக்கைச் சைரன் அது. ஒரு வாரம் ஒயர் மாற்றியும் ஆம்புலன்ஸ் மாதிரிதான் கேட்டது. நான்தான் சொன்னேன்: "மாமா நடுவுல கை மாத்துவாருக்கா. அங்க சத்தம் கொஞ்சம் தொய்யும்." அவள் என்னையே பார்த்தாள். இன்னொரு பெட்டியை இணைத்து, ஏற்றத்தின் நடுவில் ஒரு தொய்வு வைத்தாள். ஸ்பீக்கரை ஜன்னலில் வைத்து ஊதினோம். முந்திரித்தோப்பில் இருந்தவர்கள் ஆடுகளை விட்டுவிட்டு ஓடினார்கள். நாங்கள் தரையில் உருண்டு சிரித்தோம்.

கொஞ்ச நேரத்தில் மாமா சைக்கிளில் வந்தார். "யாரு தாயி, நான் ஊதாத சங்க ஊதுறது?" அக்கா சத்தத்தைக் குறைத்து ஊதிக் காட்டினாள். அவர் தோளைத் தடவிக்கொண்டார். "என் கைவலியக்கூட உள்ள வச்சிட்டியே" என்று சிரித்தார். வாசலில் நின்று திரும்பியபோது சிரிப்பு இல்லை. "வேணாம் தாயி. ஊர்ல ரெண்டு சங்கு இருந்தா, எந்தச் சங்குக்கும் எவனும் ஓட மாட்டான்."

அக்கா அன்றோடு நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை. அவள் வேலைக்குப் போனபின் மூன்று தடவை ஊதினேன். மூன்றாம் தடவை ஆடு மேய்ப்பவர்கள் தலை நிமிரக்கூட இல்லை. ஆனால் அக்கா ஓடினாள். அவள் பாதையில் வரும் நேரம் பார்த்துத்தான் ஊதியிருந்தேன். துப்பட்டா முள்ளில் கிழிய வந்து என் காதைத் திருகினாள். "எரும! அடுத்த தடவ நீ ஊதிக்கிட்டே கெட. நான் ஓட மாட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் மழை மூட்டம். மதியம் வைக்க வேண்டிய வேட்டை மாலையில் வைத்தார்கள். சங்கு கேட்டது. ஏறியது, தொய்ந்தது, மறுபடி ஏறியது. அன்று நான் கம்ப்யூட்டரை ஆன் செய்யவே இல்லை. கணக்கு நோட்டை விரித்து வைத்திருந்தேன். கருப்புத் திரையில் என் முகம் தெரிந்தது. அது அக்காவின் பஸ் வரும் நேரம். நான்தான் ஊதுகிறேன் என்று நினைத்து மெதுவாக நடந்து வருவாள் என்று தோன்றியது. எழுந்து ஓடியிருக்கலாம். நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மைன்ஸில் அன்று சங்கே ஊதவில்லை, கேட்டது பானு வீட்டுக் கம்ப்யூட்டர்தான் என்று ஊரே சொல்கிறது. எல்லோர் முன்னாலும் பெரியப்பா கேட்டார்: "அன்னைக்கு ஊதுனது நீதான?" இல்லை என்றால், அக்கா ஏன் ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலையாட்டிவிட்டேன். நான் தலையாட்டிய அன்று மாலையே, சங்கு ஊதாமல் வேட்டுக்கு விட்டார் என்று மாமாவைப் போலீஸ் கூட்டிப்போனது. அவர் வீட்டு ஓடுகளைக் கல்லால் அடித்து உடைத்தார்கள். "அந்த மனுசன் கை வீங்கிக் கெடக்குது. சங்கு ஊதாமலா வீங்குச்சு?" என்று மாமாவின் மனைவி, அத்தை, தெருவில் நின்று கத்தினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாளை விபத்து விசாரணை. தலையாட்டியதை ஆபீசரிடம் வாயால் சொல்லவேண்டுமாம். பெரியப்பா கூட்டிப்போகிறார்.

அக்காவின் பொருள்களிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்து வைத்திருக்கிறேன். சங்கு அதில் இருக்கிறது. அதைவிட, சத்தத்தில் ஆளைக் கண்டுபிடிக்கும் காது அவள் கொடுத்தது. அந்தக் காதை வைத்துச் சொல்கிறேன். அன்று ஊதியது மாமாவின் கை. அவள் ஓடாததற்குக் காரணம் நான். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். நாளை நாக்கு எழாவிட்டால் இந்தத் தாளை ஆபீசர் கையில்

கதவு தட்டுகிறது. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, அப்புறம் உள்ளங்கையால் ஒன்று.

பெரியப்பா.