வாய் திறக்காதே என்று சொன்னேன்

என் மருமகள் ஜெசிந்தா இந்தியாவில் அகதி முகாமில் பிறந்தவள். போர்க்காலத்தில் அவளுடைய பெற்றோர் மன்னாரிலிருந்து படகேறியவர்கள். இலங்கையில் அவளுக்கு ஒரு பதிவும் இல்லை. அவள் வாழவந்த எங்கள் தலவில ஊரில் ஆமோதிக்க எல்லோரும் "ஓம்" என்பார்கள். அவள் இந்தியாவில் பழகியபடி "ஆமா" என்பாள். அதைக் கேட்டு யாராவது இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், "வெளியில வாய் திறக்காத மகள்" என்று சொல்லிவைத்தேன். ஊர்ப் பதிவுகளைப் பார்க்கும் கிராம சேவகர் வந்தால், சமையல் வேலை சொல்லிக் குசினிக்குள் அனுப்பிவிடுவேன்.

அவள் கர்ப்பமாகி ஏழாம் மாதம், புத்தளம் கிளினிக்கில் தாதி, "வயிறு நோகுதா பிள்ளை?" என்று கேட்டார். ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்தாள். கதிரையை இறுக்கிப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. "சொல்லு மகள், சொல்லு!" என்று கத்திவிட்டேன்.

விடியற்காலையிலிருந்தே வலியாம். உடனே வார்டில் சேர்த்ததால் தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

அவளுக்குப் பதிவில்லாத கதையைக் கேட்ட அந்தத் தாதிதான், "கோர்ட்டுக்குப் பக்கத்தில காசு வாங்காம சட்ட உதவி செய்றாங்க, போய்ப் பாருங்கோ" என்றார். பெற்றோர் இலங்கையர் என்பதால் அவளுக்கும் குடியுரிமை பதியலாம் என்று சொல்லி அங்கிருந்த சட்டத்தரணி விண்ணப்பம் எழுதித் தந்தார்.

இப்போது கிராம சேவகர் வந்தால் ஜெசிந்தாவைத்தான் முதலில் கூப்பிடுகிறேன். அவளுடைய "ஆமா" வீதிவரைக்கும் கேட்கிறது. கேட்கட்டும்.